ஜெனவியேவும் டேப் ஒட்டிய பொத்தானும்

2006 ஜூனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் தேவைப்பட்டது. பாண்டிச்சேரி உழவர்கரைத் தொழிற்பேட்டையில் அறுபது பேர் வேலை செய்கிற சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி அது. கருவி அலமாரிச் சாவி யாரிடம் என்று கேட்டேன். சோதனை மேசையில் வெள்ளைக் கோட்டும் கழுத்தில் மெல்லிய சிலுவையுமாக உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டினார்கள். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் முன்னால் வைத்தார், ரெஜிஸ்டரைத் திருப்பினார். நான் கையெழுத்துப் போடப் போனேன்.

“படிச்சிட்டீங்களா சார்?”

“என்னத்த?”

“மேல எழுதியிருக்கிறத. தொலைஞ்சா யாரு பொறுப்பு, உடைஞ்சா யாரு பொறுப்புன்னு இருக்குது. படிக்காம போடாதீங்க.”

ஒரு ஸ்க்ரூடிரைவருக்காக அரைப் பக்கம் படித்தேன். முடிக்கும்வரை அவர் விரல் ரெஜிஸ்டரை விட்டு நகரவில்லை.

அவர்தான் ஜெனவியேவ். அப்போது முப்பத்தேழு வயது. லாஸ்பேட்டையிலிருந்து ஒரு பழைய ஸ்கூட்டியில் வருவார். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர். கம்பெனியில் பதினொரு வருஷமாக ஒப்பந்த வேலை. நான் அக்கா என்று கூப்பிடுவேன். நாலு பேர் இருந்தால் அவர் என்னை சார் என்பார், இல்லாவிட்டால் தம்பி.

அவருக்குக் கையெழுத்தின் மேல் இருந்த பயம் கம்பெனி முழுக்கத் தெரியும். ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது காரணத்தை அவரே சொன்னார். 1962இல் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியைச் சட்டப்படி விட்டுப் போனபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அக்காவின் அப்பாவும் சித்தப்பா ஒலிவியேவும் சேர்ந்துதான் போய் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற யாரோ ஒருவர், கையெழுத்துப் போட்டால் இங்கே வீடு வாசல் எதுவும் நிலைக்காது என்று சொன்னாராம். அப்பா வரிசையை விட்டு வந்துவிட்டார். சித்தப்பா போட்டார். சித்தப்பா குடும்பம் இன்று பிரான்சில் இருக்கிறது. அப்பா மில்லில் வேலை செய்து, மில் தள்ளாடிய காலத்தில் வெளியே வந்தார்.

“அதுலேர்ந்து எங்க வீட்ல கையெழுத்து போட்டாலும் பயம், போடாட்டியும் பயம் தம்பி” என்றார்.

ஆனால் பெயரைக் கேட்டவர்கள் எல்லாரும் அவரைச் சொல்தா வீடு என்றுதான் நினைத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பங்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். சால்டரிங் பகுதியில் இருந்த அம்மாவாசை அண்ணன், குடியுரிமைக் கதை தெரிந்துமே விடமாட்டார். “அக்காவுக்கு என்னா கவலை. இங்க வேலை போச்சின்னா பிளேன் ஏறிடும். நாமதான் பி.ஆர்.டி.சி. பஸ் ஏறணும்.”

“ஏறுறப்ப உன்னையும் பெட்டியில வச்சி எடுத்துட்டுப் போறேன் வா” என்பார் அக்கா, தலையைத் தூக்காமல்.

இனி அவருடைய வேலையைச் சொல்ல வேண்டும். நாங்கள் செய்த பொருள்களில் ஒன்று நாய்ஸ் சோர்ஸ். விரல் நீள உலோகத் துண்டு அது. மின்சாரம் கொடுத்தால் காதுக்குக் கேட்காத ரேடியோ இரைச்சலை ஓர் அளவோடு வெளியே விடும். ரிசீவர்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க இந்த அளவு தெரிந்த இரைச்சலை உள்ளே செலுத்திப் பார்ப்பார்கள். அளவு தப்பாக இருந்தால் அது வெறும் உலோகத் துண்டுதான். அந்த அளவைப் பார்த்து எழுதுவதுதான் அக்காவின் வேலை. ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்ற பெட்டியில் துண்டைச் செருகுவார். பெட்டி இரைச்சலை அலைவரிசை வாரியாகச் சின்னச் சின்னக் கூறுகளாக வெட்டி, ஒவ்வொரு கூறிலும் எவ்வளவு இருக்கிறது என்று திரையில் கோடாகக் காட்டும். டெசிபல் கணக்கு. நாங்கள் டிபி என்போம். குறைவாக இருந்தால் துண்டின் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகைத் திருகி ஏற்றுவார். சரியானதும் சீட்டில் எழுதி, மூன்று தடவை படித்து, கையெழுத்துப் போடுவார்.

நான் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பிள்ளைச்சாவடிப் பொறியியல் கல்லூரியில் படித்தேன். கம்பெனியில் எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு, நாய்ஸ் சோர்ஸ் சோதனைக்கு வழிமுறைத் தாள் எழுதுவது. எழுதி, அடியில் என் பெயரோடு பி.டெக். என்று போட்டு, லேமினேட் செய்து மேசை மேல் மாட்டினேன். அதை ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அந்தத் தாளின் நான்காவது வரி இது: அட்டெனுவேட்டர் சுழியத்தில் இருக்க வேண்டும், மாற்றக் கூடாது. அட்டெனுவேட்டர் என்பது பெட்டிக்குள் வருவதை வாசலிலேயே குறைத்து அனுப்பும் அமைப்பு. எங்கள் பழைய மாடலின் இரைச்சல் மிக மெல்லியது. அதையும் குறைத்தால் பெட்டியின் சொந்த இரைச்சலில் காணாமல் போய்விடும். ஆகவே அன்றைக்கு அந்த வரி சரிதான். யாரும் கை தவறி மாற்றிவிடக் கூடாதே என்று அந்தப் பொத்தானின் மேல் கறுப்பு டேப்பும் ஒட்டினேன்.

அக்டோபரில் புது மாடல் வந்தது. உள்ளேயே ஒரு ஆம்ப்ளிஃபயர் வைத்தது. இரைச்சல் பல மடங்கு அதிகம், அலைவரிசையும் அகலம். தாளை மாற்ற வேண்டுமா என்று மேனேஜர் பலராமன் சார் கேட்டார். திரையைப் பார்த்தேன். கோடு மேல் விளிம்புக்கு ரொம்பக் கீழேதான் ஓடியது. “இடம் நிறைய இருக்கு சார், அதே ஷீட் போதும்” என்றேன்.

நவம்பரில் இருபத்துநான்கு துண்டுகள் அக்காவின் மேசைக்கு வந்தன. இரண்டாம் நாளே என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, எல்லாமே கம்மியா காட்டுது. ஒண்ணு ரெண்டுன்னா சரி. இருபத்துநாலும் எப்பிடி கம்மியாவும்?”

“புது மாடல் இல்லியா, அப்பிடித்தான் இருக்கும். திருகி ஏத்துங்க.”

“ஏத்துறேன். பழசுல கால் சுத்து சுத்துனா சட்டுன்னு ஏறும். இதுல முக்கா சுத்து சுத்துறேன், ஏறவே மாட்டேங்குது. கஷ்டப்பட்டு ஏறுது. எனக்கு என்னமோ மனசு ஒப்பல.”

“மனசு ஒப்பறதுக்கெல்லாம் ஷீட்ல கட்டம் இல்லக்கா. ஸ்க்ரீன்ல நம்பர் வந்துச்சா?”

“வந்துச்சி.”

“அப்ப போடுங்க.”

இருபத்துநான்கு சீட்டுகளையும் மூன்று தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்து மேசை டிராயரைத் திறந்து சீட்டுகளை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

டிசம்பரில் அவருக்கு நல்ல செய்தி வந்தது. வருகிற ஏப்ரலிலிருந்து வேலை நிரந்தரம். பதினொரு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தது. கணவர் ரேமோனுக்கு ஒரு கம்பெனியில் வேன் ஓட்டும் வேலை. அது இருக்கிற மாதமும் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. ஆகவே வீடு இந்த ஏப்ரலைத்தான் நம்பியிருந்தது. “ஆர்டர் கையில வர்ற வரைக்கும் யாருக்கும் சொல்லாதீங்க” என்று எங்கள் எல்லாரிடமும் தனித்தனியாக வந்து சொன்னார்.

பிப்ரவரி முதல் வாரம் இருபத்துநான்கு துண்டுகளும் பெங்களூரிலிருந்து திரும்பி வந்தன. கூடவே ஒரு ரிப்போர்ட். எல்லாவற்றிலும் இரைச்சல், சீட்டில் எழுதியதைவிட இரண்டரை டிபி அளவுக்கு அதிகம். வாங்கியவர்கள் அதை நம்பித் தங்கள் ரிசீவர்களைத் தப்பாகச் சரிசெய்து, மறுபடி பிரித்திருக்கிறார்கள்.

பலராமன் சார் சீட்டுகளை மேசை மேல் பரப்பினார். இருபத்துநான்கிலும் ஒரே கையெழுத்து.

“மறுபடி டெஸ்ட் பண்ணு. வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு நம்பர் வேணும்” என்றார். அன்று திங்கள்.

அக்கா முதல் ஆறு துண்டுகளை அளந்தார். நவம்பரில் எழுதிய அதே எண்கள். ஒன்றில்கூட மாற்றம் இல்லை. அவர் முகம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். இன்னும் வெளிறிப் போனது.

“சரியாத்தானக்கா வருது?”

“அதான் தம்பி பயமா இருக்குது. தப்பா வந்திருந்தா, அன்னிக்கு ஏதோ கை தவறிட்டேன்னு சொல்லிட்டுப் போயிடலாம். இப்ப நான் இன்னா சொல்றது?”

பயந்தபடியே ஆயிற்று. எண்களைப் பார்த்த பலராமன் சார் கண்ணாடியைக் கழற்றினார். “அன்னிக்கு எழுதுனதயே பார்த்து எழுதிட்டு வந்திருக்கியாம்மா? அவங்ககிட்ட இருக்கிறது நம்மள மாதிரி ரெண்டாம் கை பெட்டி இல்ல. அவங்க தப்பா, நீ தப்பா?”

அக்கா சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

“ஏப்ரல் விஷயமா மேல கேட்டாங்க. இது முடியட்டும்னு சொல்லியிருக்கேன்” என்றார் சார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அளந்ததையே அளந்தார். கனெக்டரைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். பெட்டியை அணைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து போட்டார். ஒவ்வொரு தடவையும் அதே எண். அம்மாவாசை அண்ணன் வந்து, “என்னாக்கா, பெட்டிக்கு ஜெபம் பண்றியா?” என்று கேட்டார். அக்கா கனெக்டரையே துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணனே போய் ஒரு டீ வாங்கிவந்து வைத்தார். அது ஆடை கட்டிக் கிடந்தது.

நான் என் மேசையில் இருந்தேன். என் தாளில் தப்பு இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் துண்டையும் பெட்டியையும் இணைக்கும் குட்டைக் கேபிளை அம்மாவாசை அண்ணன் வேறு வேலைக்கு எடுத்துப் போயிருந்தார். அக்காவிடம் மிஞ்சியது பழைய நீளக் கேபிள். நீளம் அதிகமானதால் அது குட்டைக் கேபிளைவிட மூன்று டிபி கூடுதலாகத் தின்னும், அவ்வளவு குறைந்துதான் பெட்டிக்குப் போகும். எல்லாருக்கும் தெரிந்த கணக்கு, கேபிளிலேயே சீட்டு ஒட்டியிருக்கும். அதை வைத்து ஒரு துண்டை அளந்தவர், நின்றுகொண்டே என்னைக் கூப்பிட்டார். 

“சார், கொஞ்சம் வாங்க. நான் எதையோ கெடுத்துட்டேன் போல.”

போனேன்.

“இந்தக் கேபிள் மூணு தின்னணும். ஒன்னரைதான் தின்னிருக்குது.”

“கேபிள் பழசு. சீட்டுல எழுதுனது தப்பா இருக்கும்.”

“நானும் அப்பிடித்தான் நெனச்சேன்.” சிக்னல் ஜெனரேட்டரை இழுத்து, ஒரே அலைவரிசையில் மெல்லிய சிக்னல் ஒன்றை அதே கேபிள் வழியாக விட்டுக் காட்டினார். குட்டைக் கேபிளுக்கு எழுதி வைத்திருந்த எண்ணைவிடச் சரியாக மூன்று குறைவு. “இதுக்கு மூணு தின்னுது. நாய்ஸ் சோர்ஸுக்கு மட்டும் ஒன்னரை. கேபிளுக்கு ஆள் பார்த்தா தின்னத் தெரியும்?”

அந்த இரண்டு எண்களையும் மறுபடி பார்த்தேன். கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்த ஒரு பக்கம், படத்தோடு அப்படியே கண் முன்னால் வந்தது. கேபிள் சரி. பெட்டிதான் உள்ளே திணறுகிறது. கேபிள் கொஞ்சம் குறைத்து அனுப்பியதும் திணறலும் குறைந்து, பெட்டி உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறது.

அட்டெனுவேட்டர் பொத்தானின் மேல் ஒட்டிய டேப்பை உரித்தேன். எட்டு மாதத்தில் பசை இறுகி, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. குட்டைக் கேபிளை வாங்கிவந்து மாட்டி, பத்து டிபி குறைக்கச் சொல்லி அழுத்தினேன். வாசலில் எவ்வளவு குறைத்ததோ அவ்வளவைப் பெட்டியே கணக்கில் கூட்டிக் காட்டும். ஆகவே திரையில் கோடு அசையக் கூடாது. அசைந்தது. இரண்டு புள்ளி நான்கு மேலே ஏறி நின்றது.

“இன்னொரு பத்து போடுங்க” என்றார் அக்கா. போட்டேன். இந்தத் தடவை கோடு அசையவில்லை. அதே இடம். பெங்களூர் ரிப்போர்ட்டில் எழுதியிருந்த அதே இடம்.

அக்கா திரையில் கோட்டின் மேல் விரலை வைத்தார். பிறகு அவர் கேட்டார், “கோடு இவ்ளோ கீழ ஓடுதே தம்பி. எடம் இருக்குன்னுதான சொன்னீங்க?”

விளக்கினேன். திரையில் பார்ப்பது ஒரு கூறை மட்டும். ஆனால் பெட்டியின் முதல் கட்டத்துக்குள் எல்லாக் கூறுகளும் ஒரே நேரத்தில் போய் விழுகின்றன. ஒவ்வொன்றும் சின்னது, மொத்தம் பெரியது. அந்த மொத்தத்தைத் தாங்காமல் அது குறைத்துக் காட்டுகிறது. குறைவாகக் காட்டுகிறதே என்று நாம் திருகி ஏற்றினோம். ஏற்ற ஏற்ற இன்னும் திணறியது.

அக்கா யோசித்தார். “தேர் பவனி அன்னிக்கு எங்க மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்தா மூணு தலைதான் தெரியும். கூட்டமே இல்லன்னு அம்மா கீழ எறங்கிப் போனாங்க. தெரு முனையில நசுங்கி, செருப்பத் தொலைச்சிட்டு வந்தாங்க. அப்பிடியா?”

அப்படித்தான். அதைவிடச் சரியாக நான் எந்த இடத்திலும் படித்ததில்லை.

ஒரு குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் ஒன்றை ஸ்டோரிலிருந்து எடுத்துவந்து பெட்டிக்கு முன்னால் மாட்டினோம். ஃபில்டர் தின்னும் கணக்கைக் கழித்துப் பார்த்தோம். அட்டெனுவேட்டர் சுழியத்திலேயே இருந்தபோதும் பெங்களூர் எண் வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை. அக்காவின் கை சரி, கேபிள் சரி, பெட்டி சரி. தப்பு, நான்காவது வரியும் டேப்பும்.

இனி பலராமன் சாரிடம் போக வேண்டும். எனக்கு அது சோதனைக் காலம். ஒரு வருஷம் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. எங்கள் தெருவில் என் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளைப் படிக்கச் சொல்வார்கள். காரிடாரில் நடந்தபோது, புது மாடலுக்குப் புதுத் தாள் வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாதா, யார் என்று ஏன் சொல்ல வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன்.

சாரின் அறை வாசலில் அக்கா நின்றார். கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். காட்டுவதா மறுபடி உள்ளே வைப்பதா என்று தெரியாமல் புரட்டினார். நான் பார்த்துவிட்டேன். இருபத்துநான்கு துண்டுகளுக்கும் திருகு எத்தனை சுற்று சுற்றினார் என்று வரிசையாக எழுதியிருந்தது. கடைசியில் தேதி போட்டு ஒரு வரி: சாரிடம் சொன்னேன், போடச் சொன்னார். அந்தச் சார் நான்தான்.

“இத திங்கக்கெழமையே காட்டியிருக்கலாமேக்கா.”

“பையிலதான் வச்சிருந்தேன். மூணு தடவ கதவுகிட்ட வந்துட்டுத் திரும்பிட்டேன். காட்டி இன்னா பண்றது. போடுன்னு நீங்க சொன்னீங்க, சரி. போட்டது யாரு? படிச்சிட்டுத்தான போட்டேன்.”

நோட்டை மறுபடி பைக்குள் வைத்துவிட்டார்.

உள்ளே போனதும் நான்தான் பேசினேன். பொத்தான், டேப், நான்காவது வரி, நவம்பரில் அக்கா வந்து சொன்னது, நான் சொன்ன பதில், எல்லாவற்றையும். வரிசையாக வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது. சார் கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு எழுந்து எங்களோடு சோதனை மேசைக்கு வந்து, அவர் கையாலேயே பொத்தானை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

“பி.டெக். போட்டு லேமினேஷன் வேற” என்றார். என்னைத் திட்ட அவர் சொன்னது அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. அக்காவிடம் திரும்பி, “உனக்கு ஒப்பலன்னா கையெழுத்து போடாம வச்சிருக்கணும்மா. அதுக்குத்தான் உன் கையெழுத்து” என்றார்.

“போடலன்னா நான் வேலை பார்க்கலன்னுதான சார் சொல்லுவீங்க” என்றார் அக்கா.

சார் தன் அறைக்குத் திரும்பிவிட்டார். அக்கா உட்கார்ந்தார். தான் அப்படிச் சொல்லிவிட்டோமே என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டார். மாலைக்குள் நாலு தடவை என்னிடம் வந்து, சார் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டார்.

இருபத்துநான்கையும் ஃபில்டர் வைத்துத் திருகி இறக்கி அளந்து, அடுத்த வாரம் அனுப்பினோம். பெங்களூரில் ஏற்றுக்கொண்டார்கள். என் சோதனைக் காலத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். தாளைப் புதிதாக எழுதினேன். எந்த மாடலாக இருந்தாலும் முதலில் அட்டெனுவேட்டரைப் பத்துப் பத்தாகக் கூட்டிப் பார்க்க வேண்டும், அளவு அசைந்தால் அந்த அளவை எழுதக் கூடாது, சோதிப்பவருக்கு மனம் ஒப்பாவிட்டால் கையெழுத்து இல்லாமல் நிறுத்தி வைக்கலாம் என்று மூன்று வரிகள் சேர்ந்தன. கடைசி வரி சார் சொல்லி எழுதியது. அடியில் என் பெயர் மட்டும்.

ஏப்ரல் போனது. ஆர்டர் வரவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. மே மாதத்துக்குள் மெலிந்துபோனார். “வரும்னா வரும், வராதுன்னா வராதுன்னு சொல்லிட்டா சாப்பாடாவது எறங்கும்” என்று அம்மாவாசை அண்ணனிடம் சொன்னாராம். அண்ணன் அதன் பிறகு பிளேன் கதையை எடுக்கவில்லை.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி ஆர்டர் வந்தது. இரண்டு பக்கம், ஆங்கிலம். கையெழுத்துப் போட்டு நகலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அக்கா வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த நாளும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் பலராமன் சார் ஆளனுப்பினார், “அந்தம்மாவுக்கு வேலை வேணுமா வேணாமான்னு கேட்டுட்டு வா.”

மதியம் சாப்பாட்டு மேசையில் அக்கா தாளை என் முன்னால் விரித்தார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். வேலையை விட்டு நீக்குவது பற்றிய ஒன்பதாவது பிரிவை இரண்டு தடவை கேட்டார். பிறகு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, திரும்ப மூடினார்.

“இதுல ஒண்ணும் இல்லல்ல தம்பி?”

“ஒண்ணும் இல்லக்கா.”

“நீங்க நவம்பர்லயும் இப்பிடித்தான் சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து அவரே ஒரு தடவை விரல் வைத்துப் படித்தார். அதன் பிறகு போட்டார்.

இப்போது 2009. ஜெனவியேவ் அதே கம்பெனியில் நிரந்தர டெஸ்ட் டெக்னீஷியனாக இருக்கிறார். லாஸ்பேட்டையிலிருந்து அதே ஸ்கூட்டியில்தான் வருகிறார். எதை அளந்தாலும், வெறும் கேபிளை அளந்தால்கூட, அட்டெனுவேட்டர் பொத்தானை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறார்.